சடைச்சி கடித்த இழை

அந்தக் காலத்தில், புழுவும் பறவையும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சிகள் தனித்தனியாகத்தான் இரை தேடப் போகும். ஒவ்வொன்றும் போகிற வழியெல்லாம் வாயிலிருந்து ஒரு மெல்லிய இழையை ஒட்டிக்கொண்டே போகும். தளிரைக் கண்டது திரும்பி வந்து சொன்னால், மற்றவை அந்த இழையைப் பிடித்துக்கொண்டே போய் வயிறாரச் சாப்பிடும். இழையை யாரும் சந்தேகப்பட்டதே இல்லை.

ஒரு கோடையில் மரம் மொட்டையாகிவிட்டது. மூன்று நாள் பட்டினி. அந்தக் கூட்டத்தில் சடைச்சிக்குத்தான் அதிர்ஷ்டம் அடித்தது. சுவருக்கு அப்பால் சாய்ந்திருந்த கிளையில் கொத்துக் கொத்தாகத் தளிர். அவசர அவசரமாகத் தின்றாள். கூட்டம் முழுக்க வந்தால் இரண்டு வேளைக்குக் காணாதே என்று தோன்றியது. பசித்த வயிற்றுக்குக் கணக்கு மட்டும் நன்றாக வரும். திரும்பும்போது, கிளை பிரிகிற இடத்தில் தன் இழையைத் தானே கடித்துப் போட்டாள்.

அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை என்று எல்லாரிடமும் சொன்னாள். கூட்டத்தில் கடைக்குட்டி பஞ்சி. நடையில் மந்தம், எப்போதும் கடைசியாகத்தான் வந்து சேருவாள்; சடைச்சிதான் பாதி வழியில் நின்று அவளுக்காகக் காத்திருப்பாள். அவள் கிட்டே வந்து பார்த்தாள்.

"அக்கா, உன் வாயில பச்சையா இருக்கே?"

"பட்டையில இருந்த பாசி. அதத்தான் நக்கிட்டு வந்தேன்."

பஞ்சி நம்பிவிட்டாள். அக்கா தேடிய பக்கத்தை மறுபடி தேடுவானேன் என்று எதிர்க் கிளைக்குத் தனியாகப் போனாள். அங்கே புழு தின்னும் செம்போத்துப் பறவை ஒன்று உட்கார்ந்திருந்தது.

வெகுநேரமாகியும் அவளைக் காணோம் என்று மற்றவர்கள் அவள் இழையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நுனியில் கொஞ்சம் ரோமம்தான் கிடந்தது. சடைச்சி தான் செய்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. யாரும் திட்டவில்லை.

கடைசியில் மூத்தவன் நெட்டையன் வாயைத் திறந்தான்.

"வழி உனக்குத்தான் தெரியும், முன்னால போ. இனி இழைய நம்பி வரமாட்டோம். உன் வாலைத் தொட்டுக்கிட்டே வர்றோம்."

அவன் தலை அவள் வாலில் பட்டது. அவன் வாலில் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னொருவன். ஒவ்வோர் அடிக்கும் வாலில் அந்தத் தொடுகை. அவளை நம்பவில்லை என்று ஒவ்வொரு முறையும் அது சொன்னது. பாதி வழியில் சடைச்சி நின்றுவிட்டாள். ஏன் நின்றாய் என்று நெட்டையன் கேட்டான்.

"பஞ்சி வந்து சேரட்டும்னு நின்னுட்டேன்" என்றாள், பழக்கத்தில்.

நெட்டையன் தலையால் அவள் வாலை மெல்லத் தொட்டான். அதற்குப் பிறகுதான் அவளால் நகர முடிந்தது.

அன்று முதல்தான் கம்பளிப்பூச்சிகள் தனியே போவதை விட்டு, முன்னால் போவதன் வாலில் தலையை வைத்து வரிசையாக ஊர்கின்றன. நடுவில் ஒன்றை எடுத்துவிட்டுப் பாருங்கள், அதற்கு முன்னால் போனது அப்படியே நின்றுவிடும். பின்னாலிருந்து ஒரு தலை வந்து தொடுகிறவரை அது அடுத்த அடி வைக்காது.