அறுபதாவது கை

திருநெல்வேலிப் பக்கம் ஒரு பல் மருத்துவக் கல்லூரி. மேற்படிப்பில் பெனிட்டாவுக்குக் கடைசி வருஷம். ஆராய்ச்சியை நாளைக்குள் கொடுக்காவிட்டால் ஆறு மாசம் போச்சு.

ஆராய்ச்சி என்றதும் பெரிசாக நினைக்க வேண்டாம். பல் பிடுங்குமுன் மரத்துப்போக ஊசி போடுகிறார்களே, அதில் பழைய லிக்னோகெயின் உசத்தியா, புதிய ஆர்டிகெயின் உசத்தியா? அவ்வளவுதான். வலித்தால் இடது கையைத் தூக்கச் சொல்வாள். தூக்கினால் ஒரு கோடு. ஐம்பத்தொன்பது பேர் முடிந்தாயிற்று. பழைய மருந்துக்கு ஐந்து கோடு, புதியதற்கு மூன்று.

"புதுசுதான் உசத்தின்னு எழுதிடலாமா சார்?"

பேராசிரியர் மரியசெல்வம் தாளைப் பார்க்கவில்லை. "அறுபதாவது ஆளுக்கு நானும் வரேன்."

அறுபதாவது ஆள் பேச்சித்தாய், பீடி சுற்றுகிறவள். புதிய ஊசியைப் போட்டு, உதடு மரத்ததும் பெனிட்டா குறடை வைத்தாள். கை எழும்பியது.

"முடிஞ்சுதும்மா. ஆட்டாதீங்க, குறடு வழுக்கும்."

கை இறங்கியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி பாதி எழும்பியது.

"சொல்றேன்ல. சின்னப்பிள்ளை மாதிரி."

அப்புறம் எழும்பவே இல்லை. பல் வந்துவிட்டது. பெனிட்டா ஒரு கோடு போட்டாள். பாதிக் கைக்குக் கணக்குக் கிடையாது.

மரியசெல்வம் பேச்சித்தாயின் இடது கையைப் பிரித்துப் பார்த்தார். உள்ளங்கையில் நாலு நகமும் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது.

"வலிச்சுதாம்மா?"

பஞ்சைக் கடித்தபடி அவள் பெனிட்டாவை ஒரு பார்வை பார்த்தாள். "உசிரு போச்சு சார்."

"பின்னே ஏன் கையைத் தூக்கல?"

"தூக்குனா இறக்கச் சொல்லுதாவ. அடுத்த வாரம் மேப்பல்லுக்கும் இவியகிட்டதான வரணும்."

அவள் போனபிறகு பெனிட்டா தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ எந்த மருந்துதான் சார் நல்லா வேலை செஞ்சுது?"

"உன் அதட்டல்."

அவளுக்குச் சுருக்கென்றது. "இடது கையைத் தூக்கச் சொல்றது நான் கண்டுபிடிச்சதில்ல சார். லைப்ரரியில இருக்கே உங்க ஆராய்ச்சி, அதுலேருந்து எடுத்ததுதான்."

மரியசெல்வம் கை கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடவில்லை.

"ஆமா. என்கிட்ட ஒருத்தர்கூடக் கையைத் தூக்கல. அதுக்குத்தான் தங்கப் பதக்கம் குடுத்தாங்க."