சிட்டின் உள்பக்கம்

“கேமரா எட்டிப் பார்க்காத இடத்துக்கு எதுக்கு மேடம் இத்தனை வேலை?” என்றான் அங்கமுத்து.

கேள்வியா அது? சண்டைக்கு அழைப்பு.

தமயந்தி நிமிரவில்லை. சினிமா செட்டில் ஆட்டோ அளவுக்கு நின்ற அந்த விண்கலத்துக்குள் பாதி உடம்பை விட்டு, சுவரில் ஒரு கொக்கியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

படத்தில் அந்தக் கலத்துக்குப் பெயர் சிட்டு. ஒருத்தி ஏறுவாள். கதவு மூடும். பறக்கும். திரும்பி வந்து இறங்குவாள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு காட்சியிலும் வராது.

அந்த வராத இடத்தைத்தான் அவள் ஒரு வாரமாக இழைத்துக்கொண்டிருந்தாள்.

அங்கமுத்து பழைய இரும்புச் சந்தையில் உதைபட்டு வளர்ந்தவன். பேரம் பேசியே பல் முளைத்தவன். நரை விழுந்த பிறகு செட் வேலை கற்றுக்கொள்ள வந்து, தன்னைவிட ரொம்பச் சின்னவளான தமயந்தியைக் குருவாக வைத்துக்கொண்டான். திரையில் ஒரே ஒரு தடவை தன் பெயர் ஓட வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

அதற்குத்தான் இன்று ஆபத்து.

“மேனேஜர் வந்துட்டு இருக்கார். உள்ளே இருக்கிறதைப் பிடுங்கி வெறும் பெட்டியா வைக்கணுமாம். புகை மெஷினுக்கு இடம் வேணுமாம். இல்லேன்னா நம்ம ரெண்டு பேர் பேரும் டைட்டில்ல கிடையாதாம்.”

“புகை மெஷினுக்குன்னு கீழே தனியா இடம் விட்டிருக்கேன் அண்ணே.”

“அதை அவர்கிட்ட யார் சொல்றது? சரி, ஒரு பேச்சுக்குச் சொல்றேன். சீட்டு இருக்கட்டும். அந்தத் தண்ணி பாட்டில் வலை? எடுத்துடலாம்.”

“இதுல பறக்கிறவளுக்குத் தாகம் எடுக்குமே.”

“கொக்கி?”

“ஈரத் துண்டை எங்கே போடுவா?”

“எலுமிச்சம்பழம் ஒண்ணு வேற தொங்குது!”

“புது வண்டி. நசுக்க டயர் இல்லையே.”

பக்கத்தில் வர்ணம் பூசிக்கொண்டிருந்த பெயின்டர்கள் சிரித்தார்கள். அங்கமுத்துவுக்கு மண்டை கொதித்தது. எமகாதகனையெல்லாம் மடக்கியவன் அவன். இவளிடம் ஒரு கொக்கிகூடக் கழலவில்லை.

“கதையில இல்லாத துண்டு! கதையில இல்லாத தாகம்! போன வாரம் இது வெறும் பெட்டியா இருந்தப்ப நாங்க எல்லாரும் உள்ளே உட்கார்ந்து பிரியாணி தின்னோம். என்ன குறைஞ்சுபோச்சு?”

தமயந்தி வெளியே வந்தாள். கை துடைத்தாள். தரையில் கிடந்த குட்டிக் கடப்பாரையை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

“நீங்களே பிடுங்குங்க. எது வேண்டாமோ அதை.”

“எல்லாத்தையும் பிடுங்குவேன்.”

“பிடுங்குங்க.”

விறுவிறுவென்று ஏறினான். கதவை அவளே சாத்தினாள்.

பெயின்டர்கள் காது கொடுத்தார்கள். ஆணி கிறீச்சிடவில்லை. பலகை உடையவில்லை.

உள்ளே சின்னதாக ஒரு விளக்கு. சீட்டில் உட்கார்ந்தான். வலது கை தானாகப் போய் விழுந்த இடத்தில் ஒரு பிடி. வருஷக்கணக்காக யாரோ பிடித்துப் பிடித்துத் தேய்ந்ததுபோல் வழுவழுவென்று இருந்தது. கொக்கியில் துண்டு. ஒரு முனை இன்னும் ஈரம்.

கடப்பாரையை மடியில் வைத்துக்கொண்டான்.

ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது.

“என்ன அண்ணே, பிடுங்கலையா?”

“கூச்சமா இருந்துச்சு” என்றான் எரிச்சலோடு.

தமயந்தி அவன் கால்களைப் பார்த்தாள்.

“செருப்பு எங்கே?”

அவனும் குனிந்து பார்த்தான். வெறுங்கால். செருப்பு இரண்டும் கலத்துக்கு வெளியே, கதவோரம், ஜோடியாகக் கிடந்தன. ஏறும்போது கழற்றியது அவனுக்கே நினைவில்லை.

தமயந்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

“அடச்சே! செருப்பு விட இடம் வைக்க மறந்துட்டேன்.”

அப்போது மேனேஜர் குலசேகரன் வந்து சேர்ந்தார். பளபளவென்று ஷூ.

“இன்னும் பிடுங்கலையா? தள்ளுய்யா, நானே கழட்டுறேன்!” என்று உள்ளே வைக்கக் காலைத் தூக்கினார்.

அங்கமுத்து கடப்பாரையை வாசலுக்குக் குறுக்கே நீட்டினான்.

“என்னய்யா இது? டைட்டில்ல உன் பேரு வரணுமா, வேண்டாமா?”

“பேரை எடுத்துடுங்க சார்” என்றான் அங்கமுத்து. “ஷூவைக் கழட்டிட்டு ஏறுங்க.”