காசியம்மாளின் வலிக்கு ஒரு வார்த்தை

மிஷன் ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆவதற்குள் வினோதினிக்கு வார்த்தைகள் மேல் பயம் வந்துவிட்டது.

அங்கே டாக்டர்கள் பலர் வெளிமாநிலத்துக்காரர்கள். நோயாளி தமிழில் சொல்வதை அவர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அதுதான் வேலை. வினோதினி ஆங்கில இலக்கியம் படித்தவள். அவள் வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தவள் ரோஸ்லின். பல வருடமாக இதே வேலையாக அந்த வார்டுகளில் நடப்பவள். கேட்டதற்குப் பதில் சொல்வாள் என்று நம்ப முடியாது.

ஒரு நாள் காலை, டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வருவதற்கு முன், வினோதினி அவளைத் தேடிக்கொண்டு கேன்டீனுக்கு வந்தாள்.

"அக்கா, அன்கம்ஃபர்டபிளுக்கும் பெயின்ஃபுல்லுக்கும் நடுவுல கோடு எங்க இருக்கு?"

"டீ குடிச்சியா?"

"இறங்கல அக்கா. சிவியர்னா எவ்வளவு வலி? இன்டென்ஸ்னா அதுக்கு மேலயா, கீழயா? டிக்‌ஷனரியைப் பார்த்தா, ஒண்ணுக்கு அர்த்தமா இன்னொண்ணைப் போட்டிருக்கான்."

"அவனுக்கு வயித்து வலி வந்திருக்காது," என்றாள் ரோஸ்லின்.

வினோதினி சிரிக்கவில்லை.

"யாருக்காகக் கேக்கற?"

"காசியம்மாளுக்காக. பொம்பளைங்க வார்டுல ஜன்னலோரக் கட்டில். பீடி சுத்தறவங்க. ரத்தப் பரிசோதனையில ஒண்ணும் தெரியல. டாக்டர் வயித்தை அழுத்திப் பார்த்தாலும் அவங்க ஒண்ணும் சொல்றதில்ல. நேத்து டாக்டர் பருவா, வலி எப்படி இருக்குன்னு கேட்டார். நான் அன்கம்ஃபர்டபிள்னு சொன்னேன். இன்னிக்கு வீட்டுக்கு அனுப்பறாங்க."

"அனுப்பட்டுமே."

"அவங்க முந்தானை நுனி கிழிஞ்சு இருக்கு அக்கா. கடிச்சுக் கடிச்சு."

ரோஸ்லின் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அந்தம்மா உங்கிட்ட என்ன சொன்னாங்க?"

வினோதினி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு சொன்னாள்.

"ஈரப் புடவையை முறுக்கிப் பிழியறாப்புல இருக்குன்னாங்க."

"அதை ஏன் சொல்லல?"

"சுத்தி ஸ்டூடன்ட் டாக்டருங்க நின்னாங்க. சிரிச்சிடுவாங்களோன்னு பயமா இருந்துச்சு. எங்கம்மாவும் இப்படித்தான் பேசும். நல்ல வார்த்தையா ஒண்ணு போட்டுடலாம்னு போட்டேன்."

"போட்ட வார்த்தையை அந்தம்மாகிட்ட கேட்டியா? சரியா இருக்கான்னு?"

"அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே அக்கா."

ரோஸ்லின் எழுந்தாள். வினோதினி பின்னாலேயே நடந்தாள்.

"சின்ன வார்த்தையைச் சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. பெரிய வார்த்தையைச் சொன்னா ஒண்ணுமில்லாததுக்கு வயித்தைக் கிழிச்சிடுவாங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வார்த்தை வேணும் அக்கா. இப்பவே வேணும்."

ரோஸ்லின் நடந்துகொண்டே இருந்தாள்.

காசியம்மாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தலைவாரிப் பொட்டு வைத்திருந்தாள். மருமகள் பையைக் கட்டி முடித்திருந்தாள்.

"வாம்மா," என்றாள் காசியம்மாள். "இன்னிக்குப் போயிடலாம்னாங்களே?"

"வலி எப்படிம்மா இருக்கு?" என்று ரோஸ்லின் கேட்டாள்.

"பரவால்லம்மா. அது பாட்டுக்கு வருது, அது பாட்டுக்குப் போவுது."

"தண்ணி லாரி வந்தா இவங்க சத்தம் அடுத்த தெரு வரைக்கும் கேக்கும்," என்றாள் மருமகள். "டாக்டரைப் பாத்தா மட்டும் பரவால்ல."

"நீ சும்மா இருடி. அவருக்கு ஆயிரம் வேலை."

ரோஸ்லின் வினோதினியின் கையைப் பிடித்து, காசியம்மாளின் மடியில் வைத்தாள்.

"வாயால சொல்ல வேணாம்மா. இதுதான் உங்க வயிறு. உள்ள எப்படி வலிக்குதோ, அப்படி இதைப் பண்ணுங்க."

"ஐயோ, படிச்ச பொண்ணு கைய போயி."

"பண்ணுங்க."

காசியம்மாள் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மணிக்கட்டைச் சுற்றி விரல்களை வைத்தாள். முதலில் ஒன்றும் இல்லை. வெறும் தொடுகை. பிறகு பிடி இறுகியது. இன்னொரு கையும் வந்து சேர்ந்தது. ஒரு கை உள்பக்கமும் ஒரு கை வெளிப்பக்கமுமாகத் திருகின. வினோதினி பல்லைக் கடித்தாள். இதோடு நின்றுவிடும் என்று நினைத்தாள். நிற்கவில்லை. காசியம்மாள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அக்கா," என்றாள் வினோதினி.

ரோஸ்லின் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிடி சட்டென்று விட்டது. வினோதினி மூச்சு விட்டாள். கையை இழுத்துக்கொள்ளப் போனாள்.

"இரும்மா," என்றாள் காசியம்மாள். "இன்னும் முடியல."

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

டாக்டர் பருவா வந்தபோது வினோதினியின் மணிக்கட்டு சிவந்திருந்தது. மாணவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். டாக்டர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நேற்றைய அசௌகரியம் இன்று எப்படி இருக்கிறது?"

காசியம்மாள் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

வினோதினி வாயைத் திறந்தாள். சிவியர் வந்தது. இன்டென்ஸ் வந்தது. தாங்க முடியாத என்பதற்கு ஒன்று வந்தது. ஒன்றையும் அவள் வெளியே விடவில்லை. ரோஸ்லினைப் பார்த்தாள். ரோஸ்லின் கட்டில் விரிப்பின் ஓரத்தைச் செருகிக்கொண்டிருந்தாள்.

"சார், நேற்று சொன்னது என் வார்த்தை," என்று வினோதினி ஆங்கிலத்தில் சொன்னாள். "இந்த அம்மா அப்படிச் சொல்லவில்லை. ஈரப் புடவையை முறுக்கிப் பிழிவது போல இருக்கிறது என்றார்."

ஒரு மாணவன் உதட்டைக் கடித்துக்கொண்டு கீழே குனிந்தான். வினோதினிக்குக் காது சுட்டது.

"அது எவ்வளவு?" என்றார் டாக்டர். "மிதமாகவா? கடுமையாகவா?"

"எனக்குத் தெரியாது சார். உங்கள் கையைக் கொஞ்சம் கொடுங்கள்."

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு வாட்சை மேலே தள்ளிவிட்டு, கையை நீட்டினார்.

அவள் பிடித்தாள். முதலில் வெறும் தொடுகை. டாக்டர் புன்னகையோடு நின்றார். அவள் இறுக்கினாள். இன்னொரு கையையும் வைத்துத் திருகினாள். புன்னகை போனது. அவர் போதும் என்று சொல்லிவிடுவார் போல இருந்தது. சொல்லவில்லை. அவள் விட்டாள். அவர் கையை எடுத்துக்கொள்ளப் போனார்.

"இன்னும் முடியவில்லை சார்."

இரண்டாவது முறை டாக்டர் தன் கையைப் பார்க்கவில்லை. காசியம்மாளைப் பார்த்தார். காசியம்மாள் அவர்கள் இருவரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் சிரிக்கவில்லை. முந்தானை நுனி வாயில் இருந்தது.

"இந்த இடைவெளியில்தான் வருகிறதா? சாப்பிட்ட பிறகு அதிகமா?"

வினோதினி அதைத் தமிழில் கேட்டாள். காசியம்மாள் தலையாட்டினாள்.

டாக்டர் காகிதத்தில் எழுதியிருந்ததை அடித்தார். வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்றார். உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம் என்றார். குடலில் எங்காவது அடைப்பு இருந்தால் ஆபரேஷன் தேவைப்படலாம், அறுவை சிகிச்சை டாக்டரிடம் பேசி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். போகும்போது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே போனார்.

வினோதினி அதை ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னாள். மருமகள் பையைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

வெளியே தாழ்வாரத்தில் வினோதினி சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அக்கா."

"ம்."

"நான் அதிகமா அழுத்திட்டேனோ?"

ரோஸ்லின் அவள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஆபரேஷன்கிறாங்க அக்கா. பயத்துல அழுத்திட்டேனோ என்னவோ. அவர் கை பெரிசா இருந்துச்சு, அதனால கொஞ்சம் சேர்த்துப் பிடிச்சேன். அது தப்பா? இல்ல, குறைச்சுப் பிடிச்சிட்டேனா? நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க. சரியா இருந்துச்சான்னு மட்டும் சொல்லுங்க."

"நேத்து சொன்னது இங்கிலீஷு, அதைப் பத்தின்னா எங்கிட்ட கேக்கலாம்," என்றாள் ரோஸ்லின். "இன்னிக்குக் கையால சொன்னது அந்தம்மாவுக்கே புரிஞ்சிருக்கும். போய்க் கேளு."