கிளறாத பானை

"மேடம், பல்லைப் பிடுங்கக் கத்துக்கத்தான் நான் இந்தக் காலேஜுக்கு வந்தேன். சீட்டுக் குலுக்க யாரு வந்தா?"

மூன்றாம் வருஷ மாணவி சுபிக்ஷா கேட்டே விட்டாள்.

ரஹீமா மேடம் கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பல் மருத்துவக் கல்லூரியில் புள்ளியியலும் நோய்ப்பரவலியலும் நடத்துகிறவர் அவர். யாரும் ஆசைப்பட்டுப் படிக்காத பாடம். கடைசி பெஞ்சுக்கு அடிபிடி நடக்கும். மேடமோ கல்யாண வீட்டுக்கு வருகிறவர் மாதிரி சிரித்த முகமாக வகுப்புக்கு வருவார்.

"என்ன சீட்டு?" என்றார்.

"ஏனாதிமேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பல்லை எண்ணப் போனேன்ல மேடம். எல்லாப் பிள்ளைங்க பேரையும் எழுதிக் குலுக்கி, வந்த பேரை மட்டும் கூப்பிட்டுப் பாருன்னு சொன்னீங்க. குலுக்கியிருந்தா அங்கேயே பொழுது போயிருக்கும். ஹெட்மாஸ்டர் தங்கமான மனுஷன். நான் போறதுக்குள்ள அவரே பிள்ளைங்களை வரிசையா நிறுத்தி வச்சிருந்தார். பார்த்துட்டு வந்துட்டேன்."

"என்ன வந்துச்சு?"

"சொத்தையே இல்ல மேடம்! முத்து முத்தா பல்லு. பஸ்ஸைச் செம்பியகுடிக்கே அனுப்பிடலாம்."

கல்லூரியில் சிகிச்சைப் பேருந்து ஒன்றே ஒன்றுதான். சாய்வு நாற்காலி, விளக்கு, பல் அடைக்கும் சாமான் எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. ஏனாதிமேடும் கேட்டிருந்தது, செம்பியகுடியும் கேட்டிருந்தது. எந்த ஊரில் சொத்தை அதிகமோ அந்த ஊருக்கு இந்த வருஷம் பஸ் போகும். மற்ற ஊர்ப் பிள்ளைகள் அடுத்த வருஷம் வரை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். செம்பியகுடிக்குப் போன மாணவன் ஒழுங்காகச் சீட்டுக் குலுக்கித்தான் எண்ணினான். அங்கே பாதிப் பிள்ளைகளுக்குச் சொத்தை.

"பல் பல்தானே மேடம்? ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சும்மாவா சொன்னாங்க?"

"சரிதான். கிளறுனியா?"

"எதை?"

மேடம் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பொங்கல் நெருங்கிய நேரம். வழியெல்லாம் கரும்புக் கடை. மேடம் இறங்கி ஒரு கட்டுக் கரும்பு வாங்கினார்.

சுபிக்ஷாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பல் டாக்டருங்க நாமளே பிள்ளைங்களுக்குக் கரும்பு கொடுக்கலாமா? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"தின்னக் கூலியும் கொடுப்போமான்னு நினைப்பாங்க. ஏறு."

பள்ளிக்கூட வாசலில் வண்டி நின்றது.

"அந்த வெள்ளைக் கோட்டைக் கழட்டி வண்டியிலேயே வச்சிடு."

கழற்றி வைத்தாள்.

"கரும்பு!" என்று எவனோ ஒருவன் கத்தினான். அவ்வளவுதான். வகுப்பிலிருந்தும் வந்தார்கள், மரத்திலிருந்தும் குதித்து வந்தார்கள். சுபிக்ஷா அன்று பார்த்த முகங்களும் இருந்தன. பார்க்காத முகங்கள் அதைவிட அதிகமாக இருந்தன.

மேடம் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். "தின்னுங்க," என்றார். சுபிக்ஷாவிடம், "பாரு," என்றார்.

பார்த்தாள்.

அன்று வரிசையில் நின்றவர்கள் படக்கென்று கடித்துத் தோலை உரித்தார்கள். மற்றவர்களில் ஒருவன் கரும்பைக் கல்லில் வைத்து நசுக்கினான். ஒருத்தி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அந்தப் பக்கத்திலேயே மென்றாள். இன்னொருவன் தன் துண்டைத் தங்கையிடம் கொடுத்து, மென்று தரச் சொன்னான்.

கன்னம் வீங்கிய ஒரு சிறுமி கரும்பைக் கையில் வைத்துக்கொண்டு வெறுமனே முகர்ந்துகொண்டிருந்தாள்.

"உன் பேரென்னம்மா?"

"இனியா."

"ஏன் நீ கடிக்கல?"

"வலிக்கும்க்கா."

"அன்னிக்கு நான் வந்தப்ப நீ எங்க இருந்த?"

"கொய்யா மரத்துக்குப் பின்னாடி. பல்லு நல்லாருக்கிறவங்க மட்டும் வரிசைக்கு வாங்கன்னு சார் சொன்னாரு. எங்களையெல்லாம் செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லிட்டாரு."

சுபிக்ஷாவுக்கு முகம் சுருங்கிப்போனது. அழுகை வரும்போல இருந்தது.

அதற்குள் தலைமையாசிரியர் சவரிமுத்து ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டார். "வாங்க மேடம், வாங்க! எங்க பிள்ளைங்க பல்லைப் பார்த்தீங்களா? மாவட்டத்துலயே நாங்கதான் முதல்ல வருவோம், இல்லையா?"

"ஏன் சார் பொறுக்கி எடுத்து அனுப்புனீங்க?" என்று கேட்டாள் சுபிக்ஷா.

"இன்ஸ்பெக்‌ஷன்னா நல்லாப் படிக்கிற பிள்ளையை முன்வரிசையில உட்கார வைக்கிறது இல்லையா? அந்த மாதிரிதாம்மா. பள்ளிக்கூடத்து மானம் போயிடக் கூடாது பாருங்க."

"சார், சொத்தை அதிகமா இருக்கிற ஊருக்குத்தான் பஸ் வரும்."

சவரிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப்பாவி! நானே என் பிள்ளைங்க வாயில மண்ணை அள்ளிப் போட்டுட்டேனே!"

ரஹீமா மேடம் இனியாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "இவளுக்குப் பஸ்ஸும் வேணாம், சீட்டும் வேணாம். அவங்க அம்மாவை வரச் சொல்லுங்க சார். நம்ம வண்டியிலேயே கூட்டிட்டுப் போறேன்," என்றார்.

சவரிமுத்துவுக்கு உயிர் வந்தது. சுபிக்ஷாவிடம் குனிந்து ரகசியம் பேசினார். "ஒண்ணும் கெட்டுப்போகலம்மா. இப்பவே சொத்தைப் பல்லா பார்த்து வரிசையில நிறுத்திடறேன். ஒண்ணுகூட நல்ல பல்லு இருக்காது, நான் பொறுப்பு. எண்ணி எழுதிக்குங்க. பஸ் தானா வந்துடும்."

சுபிக்ஷாவின் மனம் ஒரு கணம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது, பொய் சொல்வானேன். பஸ் வந்தால் நல்லதுதானே? இனியா அந்தக் கரும்பை இன்னும் முகர்ந்துகொண்டுதான் இருந்தாள்.

மேடத்தைப் பார்த்தாள். மேடம் ஒரு துண்டுக் கரும்பைக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். வானத்தைப் பார்த்தபடி மென்றார்.

'கிளறுனியா?' என்று மேடம் கேட்டது சுபிக்ஷாவுக்கு நினைவு வந்தது. திடீரென்று சிரித்தாள். அடக்க முடியாமல் சிரித்தாள்.

"வேண்டாம் சார். சத்துணவுக் கூடத்துல அண்டா காலியா இருக்கா?"

"கழுவிக் கவுத்து வச்சிருக்கு. எதுக்கும்மா?"

"எடுத்துட்டு வரச் சொல்லுங்க. பெரிய கரண்டியும் வேணும்."

அண்டா வந்தது. கரும்புக் கையோடு பிள்ளைகள் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நல்ல பல், சொத்தைப் பல் என்று பார்க்காமல் ஒவ்வொருவர் பேரையும் சீட்டில் எழுதி உள்ளே போட்டாள் சுபிக்ஷா. பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் கரண்டியைப் பிடித்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

சவரிமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "பஸ் வருமா வராதா, அதை மட்டும் சொல்லிடும்மா!"

சுபிக்ஷா நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"இருங்க சார்," என்றாள். "அடியில இருக்கிறது இன்னும் மேலே வரல."