காளான் குடில்களை வெட்டச் சொன்ன ராஜா

முன்னொரு காலத்தில், வெயில் எட்டிப் பார்ப்பதே அபூர்வமான தூவானபுரி என்ற நாட்டை முகில்வண்ணர் என்ற ராஜா ஆண்டு வந்தார். நினைத்தால் யானையைப் பரிசாகக் கொடுப்பார். நினைத்தால் தலையை எடுக்கச் சொல்வார். ராணி விஷக்காய்ச்சலில் இறந்த பிறகு அவர் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை.

அந்த நாட்டுக் காட்டில் முழத்தார் என்றொரு குலம். ஆளே ஒரு முழ உயரம்தான். அங்கே பனைமரம் போல வளரும் ராட்சதக் காளான்களைக் குடைந்து, உள்ளே பாசி பரப்பி, காய்ச்சல்காரர்களைப் படுக்க வைப்பார்கள். காளானின் வாசனையில் உடம்புச் சூடு மெல்லத் தணியும். எல்லாரும் பிழைக்கவில்லை, ஆனால் பலர் பிழைத்தார்கள். மந்திரி ஆதிரையின் தங்கை மருதியும் அப்படி ஒரு குடிலில்தான் நினைவில்லாமல் கிடந்தாள்.

ராஜவைத்தியர் வல்லபராயருக்கு அந்தக் குடில்களைக் கண்டாலே வயிற்றெரிச்சல். ஒருநாள் சபையில் எழுந்து, "மன்னா, அந்தக் காளான்கள் கக்கும் நச்சுக்காற்றுதான் ஊருக்குள் காய்ச்சலாக வருகிறது. மகாராணியாரைக் கொன்றதும் அதுதான்" என்றார்.

ராஜா யோசிக்கவே இல்லை. "அத்தனையையும் வெட்டிச் சாயுங்கள்."

"உள்ளே நோயாளிகள் இருக்கிறார்கள், மன்னா" என்றாள் ஆதிரை.

"என் ராணிக்குக் கிடைக்காத உயிர் அவர்களுக்கு எதற்கு?"

வல்லபராயர் குறுக்கிட்டு, "மந்திரியாருக்குத் தங்கை கவலை" என்றார்.

"அப்படியா? உன் புத்தியைப் பார்க்கலாம், ஆதிரை" என்றார் ராஜா. "பொழுது சாய்வதற்குள் என் வாயாலேயே 'வெட்டாதே' என்று சொல்ல வை. முடியாவிட்டால் முதல் வெட்டு உன் கையால், உன் தங்கை கிடக்கும் காளானில்."

ஆதிரை காட்டுக்கு ஓடினாள். மருதியின் கை அனலாகக் கொதித்தது. "இப்போது அசைத்தால் தாங்கமாட்டாள்" என்றாள் முழத்தாரின் மருத்துவச்சி குன்னி.

"குன்னி, ராஜவைத்தியர் எப்போதாவது இங்கே வந்து படுத்ததுண்டா?"

"முகத்தை மூடிக்கொண்டு வருகிறவர்கள் உண்டம்மா. நாங்கள் பேர் கேட்பதில்லை. கேட்டால் பயந்து வராமலே செத்துப்போவார்கள்."

ஆதிரைக்கு ஒரு சந்தேகம். மழைக்காலத் தொடக்கத்தில் வல்லபராயருக்கும் காய்ச்சல் கண்டது. மாமனார் ஊருக்குப் போவதாகச் சொல்லிப் போனவர், தெளிந்த முகத்தோடு திரும்பினார். அவருடைய கஷாயமோ வேறு ஒருவரையும் பிழைக்க வைத்ததில்லை. சந்தேகம்தான், சாட்சி கிடையாது.

பொழுது சாயும் முன் சபைக்குத் திரும்பினாள்.

"வெட்டிவிடுவோம், மன்னா. ஆனால் அந்த நஞ்சை உடம்பில் சுமந்தவர்கள் இந்தச் சபையிலும் இருக்கலாம். கண்டுபிடிப்பது சுலபம். அங்கே படுத்து எழுந்தவர்களுக்குக் காதுக்குப் பின்னால் நீலப்பொடி ஒட்டியிருக்கும். எவ்வளவு குளித்தாலும் போகாது."

வல்லபராயரின் கை தானாகக் காதுக்குப் பின்னால் போனது. தேய்த்தார். விரலைப் பார்த்தார்.

"அப்படி ஒரு பொடியே கிடையாது, மன்னா" என்றாள் ஆதிரை.

ராஜா எழுந்தார். "எப்போது போனீர், வைத்தியரே?"

"மழை தொடங்கியபோது."

"ராணி அதற்குப் பிறகுதானே காய்ச்சலில் படுத்தாள். ஏன் சொல்லவில்லை?"

வல்லபராயர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "அங்கே மகாராணியார் பிழைத்திருந்தால், இந்த அரண்மனையில் எனக்கு என்ன மதிப்பு?"

ராஜாவின் முகத்தைப் பார்த்ததும், ஜெயித்த சந்தோஷம் ஆதிரைக்கு வரவில்லை. தங்கையைக் காப்பாற்ற நினைத்தாள்; அவர் தலையில் இப்படியொரு இடியை இறக்குவோம் என்று அவள் நினைக்கவில்லை.

"வெட்டாதே" என்றார் ராஜா, பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத குரலில்.

வல்லபராயரின் பட்டாடையையும் பட்டத்தையும் பறித்து, குடில்களில் நோயாளிகளின் துணி துவைக்க அனுப்பினார். ஆதிரையை எந்தப் பரிசு வேண்டுமானாலும் கேட்கச் சொன்னார்.

"காட்டுக்கு ஒரு பாதை போட்டுக் கொடுங்கள், மன்னா. நோயாளிகளைத் தூக்கி வருகிறவர்கள் சேற்றில் வழுக்கி விழுகிறார்கள்."

பாதை போட்டு முடிவதற்குள் மருதி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பாதையில் முதலில் நடந்து வந்தவர் ராஜாதான். குன்னியின் முன் மண்டியிட்டு, "எனக்கும் ஒரு குடில் கொடு. சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை" என்றார்.

குன்னி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லை, ராஜா. உங்கள் நோய்க்கு எங்களிடம் மருந்து கிடையாது. படுக்கையும் காய்ச்சல்காரர்களுக்கே போதவில்லை." காலிக் குடம் ஒன்றை அவர் பக்கம் நகர்த்தி, "தண்ணீர் தூக்கத்தான் ஆள் வேண்டும்" என்றாள்.

ராஜா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மழையில் நனைந்தபடி, குடத்தோடு ஓடைக்கு இறங்கினார்.