பெட்டிக்குள் இருந்த முகக்கவசம்

குளக்கரைச் சலவைப் பட்டறையில் கரடி கொம்பையன்தான் மேஸ்திரி. பிளீச்சிங் தொட்டியில் துணி கிண்டுபவள் கழுதை செவந்தி. காலையில் அவள் ஒரு கத்துக் கத்தினால்தான் அங்கே வேலையே தொடங்கும். அக்கரை வரை கேட்கும் தொண்டை அது!

கொஞ்ச நாளாக அந்தத் தொண்டை கம்மிப் போயிருந்தது.

"என்ன செவந்தி, சத்தத்தையே காணோம்?" என்றான் கொம்பையன்.

"தொட்டிப் புகை நெஞ்சை அடைக்குதுங்ணா. அந்த மாஸ்க்கைக் கொடுத்தீங்கன்னா..."

"அது ராஜா வர்ற அன்னைக்குப் போடறது! இப்பவே அழுக்காக்கிட்டா அப்ப எதைக் காட்டறது?"

சிங்கராஜா அனுப்பிய முகக்கவசங்கள் எல்லாம் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தன. சாவி கொம்பையனின் இடுப்பில். அவன் நிற்பதோ நல்ல காற்றடிக்கும் வாசலில்! நெஞ்சடைப்பு என்றால் அவனுக்குச் சாப்பாடு அதிகமான அன்று வருவதுதான்.

ஒருநாள் ராஜா பார்வையிட வந்தார். பெட்டி திறந்தது. எல்லார் முகத்திலும் பளிச்சென்று புதுக் கவசம்.

"பேஷ்! மேஸ்திரி உங்களை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்?" என்று செவந்தியிடம் கேட்டார் ராஜா.

கொம்பையன் இடுப்புச் சாவியைக் கையால் மறைத்துக்கொண்டான். காட்டிக் கொடுத்துவிடுவாளோ!

"சொந்த அண்ணனாட்டப் பாத்துக்கறாருங்க!" என்றாள் செவந்தி. சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

ராஜா மகிழ்ந்துபோய், தன் கழுத்துப் பூமாலையைக் கழற்றிக் கொம்பையனுக்குப் போட்டுவிட்டுப் புறப்பட்டார்.

அவர் தலை மறைந்ததுதான் தாமதம். யாரும் கேட்காமலே செவந்தி கவசத்தைக் கழற்றி, மடித்து, கொம்பையனிடம் நீட்டினாள்.

"கசங்காம வெச்சிருக்கறனுங்ணா. அடுத்த தடவைக்கு ஆகும்."

கொம்பையன் கூனிக் குறுகிப் போனான். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். மாலையைப் பிடுங்கித் தொட்டியில் எறிந்தான். சிவப்புப் பூக்கள் அவன் கண்ணெதிரிலேயே வெளுத்துப் போயின. இதன் புகையைத்தானே இவள் தினமும் குடித்தாள்!

பெட்டியின் மூடியைப் பெயர்த்துக் குளத்தில் வீசினான்.

"இனிமே தினமும் போடுங்க! அழுக்கானா வேற எடுத்துக்கங்க! செவந்தி, நீ வாசல்ல நில்லு. தொட்டியை நான் கிண்டறேன்."

மறுநாள் காலை செவந்தி வாசலில் நின்று ஆசையாக வாயைத் திறந்தாள். விசில் மாதிரி வெறும் காற்றுதான் வந்தது.

"பரவாயில்லைங்ணா," என்றாள்.

கொம்பையன் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பார்வையிட வருகிறவர் கண்ணுக்காகப் பூட்டி வைத்த பாதுகாப்பு உழைப்பவரின் மூச்சைக் காக்காது. போன மூச்சை எந்த வெட்கமும் திருப்பித் தராது.