மந்தியின் அசையாத புருவம்

குளக்கரை மருதமரப் பொந்தில் ஒரு பச்சோந்தி முக வைத்தியசாலை நடத்திவந்தது. ஊசி போட ஒரு குளவியை வைத்திருந்தது. மனிதர்கள் எறிந்துவிட்டுப் போன கண்ணாடிப் பாட்டிலின் அடித்துண்டு ஒன்றும் அதனிடம் இருந்தது. அதில் வெயிலைக் குவித்து முகத்தைச் சுடும். அதற்கு ஒளி வைத்தியம் என்று பெயர்!

“என் மேனியைப் பாருங்க! காலையில பச்சை, மத்தியானம் பொன்னு! எல்லாம் இந்த வைத்தியந்தான்!” என்று கூவும். பிறவியில் வந்த நிறத்தைக் காட்டி ஊரை ஏமாற்றிய எத்தன் அது.

அல்லி என்ற மந்திக்குக் குட்டி பிறந்தபின் கன்னம் ஒட்டிவிட்டது. கை நிறைய அத்திப்பழத்தோடு பச்சோந்தியின் முன்னால் போய் உட்கார்ந்தது. குளவி குத்தியது. ஒரு கன்னம் மட்டும் பணியாரம் போல உப்பியது.

“என்ன வைத்தியரே, கோணலா இருக்கே?”

“இதெல்லாம் சகஜம் தாயி! அந்தப் பக்கமும் ஊசி போட்டா சரியாயிடும்!”

போட்டார்கள். இப்போது வாயோரம் சிரிப்பதுபோல மேலே இழுத்துக்கொண்டது. நெற்றி மரத்துப்போனது.

“ஐயோ, புருவம் அசையலையே!”

“ஒளி காட்டினா இளகிடும்!”

காட்டினார்கள். புருவம் இளகவில்லை, கண்ணுக்குக் கீழே தோல்தான் கருகியது. “அடுத்த தடவை வா, அந்தக் கறுப்பையும் எடுத்துடறேன்!” என்றது பச்சோந்தி, கொஞ்சங்கூட வெட்கமில்லாமல்.

மந்திகளுக்கு முகந்தான் பேச்சு. ஆபத்து என்றால் தாய் புருவத்தை உயர்த்தும். குட்டி ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். மறுநாள் அல்லியின் குட்டி நாவல்பழம் பொறுக்கப் போனது. பக்கத்துப் புதரில் மலைப்பாம்பு கிடந்தது. சத்தம் போட்டால் பாம்பு பாய்ந்துவிடும். அல்லி புருவத்தை உயர்த்தப் பார்த்தது. அசையவில்லை. அம்மா சிரிக்கிறாள் என்று நினைத்த குட்டி இன்னும் முன்னே போனது. பாம்பு வாயைத் திறந்தது. அல்லி அலறிக் குதித்துக் குட்டியை இழுத்தது. குட்டி உயிர் தப்பியது; அதன் வால் நுனி பாம்பின் வாயோடு போயிற்று.

ரத்தம் சொட்டும் குட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அல்லி மருதமரத்துக்குப் பாய்ந்தது. அங்கே மான், முயல், கீரி என்று ஒரு கூட்டம் வைத்தியத்துக்குக் காத்திருந்தது.

“பாவி! என் குட்டியைக் கொல்லப் பாத்தியே!”

பச்சோந்தி கூட்டத்தைப் பார்த்து இளித்தது. “விளையாட்டுக்குச் சொல்றாங்க! கோபமா இருந்தா மூஞ்சி இப்படியா சிரிக்கும்?”

கூட்டமும் கூடச் சேர்ந்து சிரித்தது! வயிறு எரிகிறது, முகமோ சிரிக்கிறது. கோபப்படும் உரிமையைக்கூடப் பறித்துவிட்டானே என்று அல்லிக்கு ரத்தம் கொதித்தது. பச்சோந்தியைக் கழுத்தோடு பிடித்துக் குளவியிடம் நீட்டியது.

“குத்து! முதல்ல இவன் மூஞ்சியில குத்து!”

பச்சோந்தி சாம்பலாக வெளுத்தது. பிறகு கன்னங்கரேலென்று கறுத்தது. “வேணாம்! எனக்கு வேணாம்!”

“ஏண்டா, ஊருக்கெல்லாம் நல்லது, உனக்கு மட்டும் ஆகாதா?”

சிரித்த கூட்டம் பச்சோந்தியைச் சூழ்ந்துகொண்டது. குளவி உண்மையைக் கக்கியது. “அக்கா, விஷம் தானா வடியும். இனிமே குத்தாம, சுடாம விட்டாலே போதும். மழைக்காலத்துல புருவம் அசையும். ஆனா சுட்ட தழும்பு போகாது.”

“இதை முதல்லயே ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க மறுபடி வரமாட்டீங்கன்னு இவர்தான் தடுத்தார்!”

“தெரிஞ்சே மறைச்ச நீயும் திருடிதான்!” என்று கத்தியது அல்லி.

கீரி கண்ணாடித் துண்டைக் குளத்தில் வீசியது. எல்லா விலங்குகளும் சேர்ந்து பச்சோந்தியையும் குளவியையும் காட்டைவிட்டே துரத்தின.

மழை வந்ததும் அல்லியின் புருவம் அசைந்தது. குட்டியின் வால் நுனி முளைக்கவே இல்லை.

நம்மைக் கெடுத்தவனிடமே சரிசெய்துகொள்ளத் திரும்பத் திரும்பப் போனால், சரியாவது அவன் பிழைப்பு மட்டுமே.